சந்தியாகப்பரின் காது

முள்ளுவிளையில் ஒரு ஓடை உண்டு, தண்ணீர் கிடையாது. ஓடைக்கு மேற்கே சி.எஸ்.ஐ.க்காரர்களின் சபைத் தெரு, கிழக்கே ஆர்.சி.க்காரர்களின் கோயில் தெரு, நடுவில் உடைமரமும் செம்மணலும். அந்த மணலில் ஒரு மனிதனைப் புதைத்திருக்கிறது. அவன் பெயர் ஞானையா. அவனை ஏன் இரண்டு தெருவும் வேண்டாம் என்றது என்பதைச் சொல்லிவிட்டால் பாதிக் கதை முடிந்தது.

ஞானையா எரிந்த மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டுகிறவன். பிறந்தது, ஞானஸ்நானம் வாங்கியது, கிருபைகனியைக் கட்டியது எல்லாம் சபைத் தெருவில். ஆனால் கோயில் தெருவில் சந்தியாகப்பர் என்கிற புனிதரின் கோயில் கிணற்று மோட்டார் வருஷத்துக்கு இரண்டு தடவை எரியும், அவன்தான் போய்க் கட்டிக் கொடுப்பான். அவன் வயிற்றில் கட்டி வந்து, ஆஸ்பத்திரியில் கையை விரித்த பிறகு, அந்தக் கோயில் உபதேசியார் இன்னாசி பழகின தோஷத்துக்கு விளக்கு எண்ணெயில் ஒரு குப்பி கொண்டுவந்து கொடுத்தார். வேண்டாம் என்று சொல்லத் தெரியாத மனுஷன் வாங்கி வயிற்றில் தடவிக்கொண்டான். பிழைக்கவில்லை. குப்பி தலையணைக்கு அடியில் கிடந்தது, ஜெபம் பண்ண வந்த வேதமாணிக்கம் வாத்தியார் அதைப் பார்த்துவிட்டார்.

வேதமாணிக்கம் ஓய்வு பெற்ற தலைமையாசிரியர், சபைச் செயலர், கல்லறைத் தோட்டத்துச் சாவி அவர் இடுப்பில். சபை வாசலில் கோயில் தெருவைப் பார்த்து ஒரு கரும்பலகை வைத்து, அவர்கள் புனிதர்களிடம் வேண்டுவதைக் குத்தி ஞாயிறுதோறும் ஒரு கேள்வி எழுதுவார். செத்தவனுக்குக் காது கேட்குமா? தகப்பன் வாசலில் நிற்கையில் வேலைக்காரனிடம் மனு எதற்கு? ஒரே நேரத்தில் ஆயிரம் பேர் கூப்பிட்டால் எந்தக் காதால் கேட்பார்? கோயில் தெருக்காரர்கள் படித்துவிட்டுப் போவார்கள். இன்னாசி மட்டும் ஒருநாள் நின்று, "உமக்கு மூட்டுவலி வந்தப்ப எனக்காக ஜெபிங்கன்னு சபையில சீட்டு எழுதிக் குடுத்தீராமே வாத்தியாரே, அந்த மனுவை நேரா மேல குடுக்கதுக்கென்ன?" என்றார். "அவங்க உயிரோட இருக்கவங்கவே," என்றார் வாத்தியார். அவர் கட்சி அவ்வளவுதான். உயிரோடு இருக்கிறவனிடம் கேட்கலாம், செத்தவனிடம் பேசக் கூடாது.

ஞானையாவைத் தூக்கிக்கொண்டு போனபோது வாத்தியார் கல்லறைத் தோட்டத்து வாசலில் சாவியோடு நின்றார். "எந்த எண்ணெயைத் தடவினானோ அந்த எண்ணெய்க்காரன்கிட்டயே கொண்டு போங்க," என்றார். கோயில் தெருச் சாமியார், பதிவேட்டில் பெயர் இல்லையே என்று மரியாதையாகச் சொன்னார். பகல் பதினொன்றிலிருந்து மூன்று மணிவரை பெட்டி வெயிலில் இருந்தது. ஐஸ் உருகிக் கிருபைகனியின் காலை நனைத்தது. உள்ளே, பத்தடி தூரத்தில், ஞானையாவின் அம்மாவும் அப்பாவும் கிடக்க, பக்கத்தில் அவனுக்கென்று விட்டிருந்த இடம் கம்பி வழியாகத் தெரிந்தது. மூன்று மணிக்கு நாலு பேர் ஓடை மணலைத் தோண்டினார்கள்.

கிருபைகனி அழவில்லை. மன்னித்துவிடு, பழிவாங்குவது ஆண்டவர் வேலை என்று சபை ஐயர் வந்து சொன்னார். எப்போது வாங்குவார் என்று இவள் கேட்டாள். ஐயர் தேதி சொல்லவில்லை. மூன்றாவது வாரம், ஐம்பத்தாறு வயதில் முதல் தடவையாக, பட்டப்பகலில் ஓடையைத் தாண்டிக் கோயில் தெருவுக்குள் போனாள்.

கோயில் தெருவில் ஒரு வழக்கம் உண்டு, சாமியாருக்குப் பிடிக்காத வழக்கம். தீராத அநியாயம் பட்டவர்கள் மெழுகுவர்த்தியின் அடியைச் சீவித் திரியை எடுத்து, தலைகீழாக நட்டு, எதிராளி பெயரைச் சொல்லி ஏற்றிவிட்டு வருவார்கள். மெழுகு உருக உருக எதிராளியும் உருகுவான். குதிரை மேல் வாளோடு இருக்கிற சந்தியாகப்பருக்கு இந்த மாதிரி வழக்குகளில் ருசி அதிகம் என்று பேச்சு.

"அண்ணே, இவருக்குக் கேக்குமா?" என்றாள் கிருபைகனி.

"உரக்கச் சொல்ல வேண்டாம் தங்கச்சி, அவரு செவிடு இல்லை," என்றார் இன்னாசி.

"எங்க வாத்தியாரு கேக்காதுங்காரு."

"கேக்கலைன்னா உனக்கு ஒரு மெழுகுவர்த்தி நட்டம். கேட்டுட்டுன்னா வாத்தியாருக்கு நட்டம்."

அவள் மெழுகுவர்த்தியைச் சீவினாள், நட்டாள், ஏற்றினாள். குதிரையையும் வாளையும் பார்த்தாள். இந்த ஆளிடம் எப்படிப் பேசுவது என்று தெரியவில்லை, அதனால் கடைக்காரனிடம் பேசுகிற மாதிரிப் பேசினாள். "ஐயா குதிரைக்காரரே, உம்ம எண்ணெயால வந்த வினை இது. எம் புருஷன் நாய் மாதிரி ஓடையில கிடக்கான். வேதமாணிக்கம் நாக்கு அழுகணும், குடிக்கத் தண்ணி இறங்கக் கூடாது, அவரு கேட்ட கேள்வியே அவரைத் தின்னணும், இயேசுவின் நாமத்தில் ஜெபம் கேளும் நல்ல பிதாவே, ஆமென்."

இன்னாசி தலையில் அடித்துக்கொண்டார்.

"என்ன காரியம் பண்ணிட்ட! இங்க வைக்க வேண்டிய வழக்கை மேல அனுப்பிட்டியே!"

"வாய் பழக்கத்துல வந்துட்டுண்ணே. எங்க ஜெபமெல்லாம் அப்படித்தான முடியும்."

"இவருன்னா கேட்டதைக் கேட்ட மாதிரிச் செஞ்சிருவாரு. மேல போனா அவங்க திருத்தம் போட்டுத்தான் அனுப்புவாங்க."

"திருப்பி எடுக்க முடியாதா?"

"ஆமென் சொன்ன பொறவா?"

மேலே திருத்தம்தான் போட்டார்கள். அடுத்த ஞாயிறு வேதமாணிக்கம் எழுந்து அறிவிப்பு வாசித்தார். வருகிற சனிக்கிழமை அசன விருந்து, அரிசி சேகரிப்பு வெள்ளிக்கிழமை, என்று வாசித்துக்கொண்டே வந்தவர் பாதியில் நிறுத்தி, கூட்டத்தை முறைத்துப் பார்த்து, "யாரும்மா அது மாட்டைக் காணோம்னு அழுகது?" என்றார். யாரும் அழவில்லை. "செவலை மாடு, நெத்தியில வெள்ளை, ஒரு கொம்பு வளைஞ்சது. கோயிலுக்குள்ள வந்து மாட்டுக் கதை பேசக் கூடாது, யாரது?" என்றார். ஓடைக்கு அந்தப்பக்கம் சந்தியாகப்பர் கோயிலில் ஒரு பால்காரி அதே நேரத்தில் முழங்காலில் நின்று அதே மாட்டுக்காக அழுதுகொண்டிருந்தாள்.

அவ்வளவுதான் அதிசயம். மிச்சம் எல்லாம் ஊர் அதை எப்படி வைத்துக்கொண்டது என்பதுதான்.

வாத்தியார் டாக்டரிடம் போனார். டாக்டர் காதில் அழுக்கு எடுத்தார். அழுக்கு போன பிறகு இன்னும் தெளிவாகக் கேட்டது. பிள்ளை இல்லாதவள் கேட்டாள், பிள்ளை அதிகமாகிப் போனவள் கேட்டாள், போட் ஏறிப் போன மகன் போன் பண்ணவில்லை என்று தகப்பன் கேட்டான், பத்தாம் வகுப்புக் கணக்கில் முப்பத்தைந்து மார்க் போதும் என்று ஒருத்தி கேட்டாள், மாமியார் சீக்கிரம் போக வேண்டும் என்று மருமகளும், மருமகளுக்கு முன்னால் போய்விடக் கூடாது என்று மாமியாரும் ஒரே வரிசையில் நின்று கேட்டார்கள், கேரளத்திலிருந்து பஸ் பிடித்து வந்தவர்கள் மலையாளத்தில் கேட்டார்கள், கப்பலில் வந்த எவனோ என்ன பாஷை என்றே தெரியாத பாஷையில் கேட்டான், எல்லாம் அவருக்கு ஒரே நேரத்தில், ஒன்றோடொன்று கலக்காமல், பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற மாதிரிப் புரிந்தது. ஒரே நேரத்தில் ஆயிரம் பேர் கூப்பிட்டால் எந்தக் காதால் என்று எழுதியிருந்தாரே. இரண்டு காதாலும்தான்.

கேட்டது போகவும் இல்லை. விழுந்த வேண்டுதல் காதிலேயே தங்கி, திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தது. மூன்றாம் நாள் தாங்கமாட்டாமல் நாற்காலியில் உட்கார்ந்தபடியே, "பிதாவே, அந்தப் பால்காரி மாடு கிடைக்கட்டும்," என்று சொன்னார். உடனே அந்த ஒன்று மட்டும் காதை விட்டுப் போயிற்று. மாடும் சாயங்காலம் உடைமரக் காட்டிலிருந்து தானாக வந்தது. பிறகென்ன, காலையிலிருந்து இரவு சாப்பாடு வரை ஒவ்வொன்றாக மேலே சொல்லித் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டியதாயிற்று. சிலது நடந்தது, பலது நடக்கவில்லை. "சந்தியாகப்பருக்கும் இதே அளவுதான் பலிக்கும், குறை சொல்ல முடியாது," என்றார் இன்னாசி.

கோயில் தெருக்காரர்கள் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சந்தியாகப்பர் இளைப்பாறப் போயிருக்கிறார், ஆள் போட்டிருக்கிறார் என்றார்கள். கோயிலுக்குக் கொண்டுவருகிற உப்பு மிளகில் ஒரு பிடியை வாத்தியார் வீட்டு கேட்டருகே கொட்டிவிட்டுப் போனார்கள். அவர் விளக்குமாற்றை எடுத்து விரட்டினார். "நாங்க கும்பிடலை வாத்தியாரே, எங்களுக்காகக் கேக்கச் சொல்லுதோம். அம்புட்டுத்தான எப்பவும் சொல்லிட்டு வாரோம்," என்றார்கள்.

சபைத் தெருவில்தான் குழப்பம். ஐந்து மணி நேரம் கமிட்டி கூடினார்கள். விண்ணப்பம் பெறுகிற ஒருவர் செயலராக இருக்கலாமா, விக்கிரகம் உயிரோடு இருந்தால் அது விக்கிரகமா என்றெல்லாம் பேசி, டீ குடித்து, முடிவில்லாமல் எழுந்தார்கள். ஆனால் மறுநாளிலிருந்து சபைத் தெருப் பெண்கள் ஒவ்வொருத்தியாக, முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, ஓடையைத் தாண்டினார்கள். ஐயர் ஒருத்தியை மறித்து எங்கே என்று கேட்டார். "சந்தியாகப்பர்கிட்ட இல்லைங்கய்யா. சந்தியாகப்பர் கோயில்ல நின்னா நம்ம சாருக்குக் கேக்கும். சார் உயிரோடதான இருக்காரு, அவருகிட்டக் கேக்கது தப்பில்லைன்னு அவருதான படிச்சுக் குடுத்தாரு," என்றாள். ஐயர் வழிவிட்டார். ஆடி முடிவதற்குள் அவரே ஒருநாள் போய்வந்தார் என்று சொல்கிறார்கள், நான் பார்க்கவில்லை.

கிருபைகனிக்கு ஆத்திரம். அழுகச் சொன்ன நாக்கு அழுகவில்லை. எதிராளிக்குப் பெயர் வந்துவிட்டது, கேரளத்து பஸ்காரர்கள் அவர் வீட்டைக் கை நீட்டிக் காட்டுகிறார்கள். இன்னாசியிடம் சண்டைக்குப் போனாள்.

"நான் கேட்டது இதுவா? அந்தாளுக்குத் தேர் இழுக்கவா நான் மெழுகுவர்த்தி ஏத்தினேன்?"

"பொறு தங்கச்சி. ஒவ்வொண்ணையும் மேல சொன்னாத்தான் காதை விட்டுப் போவுது, தெரியும்லா? மேல சொல்ல முடியாத ஒண்ணை எவனாவது உள்ள போட்டான்னு வையி…"

அவர் முடிக்கவில்லை. அவள் எழுந்துவிட்டாள்.

வாத்தியார் மத்தியானம் ஒரு மணி பஸ் ஹாரன் கேட்டதும் சோற்றில் கை வைப்பவர், ஊருக்கே தெரியும். அந்த ஹாரனுக்குக் கிருபைகனி சந்தியாகப்பர் கோயில் தூணருகே நின்றாள். மெழுகுவர்த்தி இல்லை, முழங்கால் இல்லை, ஆமென் இல்லை. "ஞானையா எங்க கிடக்கான்?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டாள். வீட்டுக்குப் போய்விட்டாள்.

அது வேண்டுதல் இல்லை, பிதாவே கொடும் என்று தள்ளிவிட. அது கேள்வி. அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் வாத்தியார் ஒருவர்தான். வாயில் போன சோறு வாயிலேயே நின்றது. மறுநாள் அதே ஹாரனுக்கு இன்னொரு தடவை. அதற்கு மறுநாள் இன்னொன்று. முதல் கேள்வி போகாமல் இருக்க இரண்டாவது வந்து உட்கார்ந்தது, இரண்டும் போகாமல் இருக்க மூன்றாவது. ஞானையா எங்க கிடக்கான், ஞானையா எங்க கிடக்கான். மாட்டைத் தேடுகிறவளையும் மகனைத் தேடுகிறவனையும் அவர் மேலே அனுப்பி அனுப்பிக் காலி பண்ணின இடத்தில் எல்லாம் இது பாய் விரித்துப் படுத்தது. கிருபைகனிக்கு மழை ஒரு பொருட்டில்லை, காய்ச்சல் ஒரு பொருட்டில்லை. தங்கச்சி மகள் கல்யாணத்துக்குத் திசையன்விளை போனவள் தாலி கட்டின கையோடு, பந்தியில் உட்காராமல், பஸ் ஏறி வந்து ஒரு மணிக்குத் தூணருகே நின்றாள். நாற்பது நாள். வாத்தியார் சட்டை தோளில் நிற்கவில்லை, ஹேங்கரில் போட்ட மாதிரித் தொங்கியது. அதைப் பார்த்துவிட்டு வந்த நாட்களில் கிருபைகனி மட்டும் வயிறு நிறையச் சாப்பிட்டாள், உறைப்பாக, மீன் வைத்து.

நாற்பத்தோராம் நாள் காலை பத்து மணிக்கு வாத்தியார் இவள் வாசலுக்கு வந்தார். இடுப்புச் சாவியை எடுத்துப் படியில் வைத்தார்.

"கமிட்டியில பேசிட்டேன். எடுத்துக் கொண்டாந்து உள்ள வச்சிரலாம். அவங்க அம்மா பக்கத்துலயே. ஐயர் ஜெபம் பண்ணுவாரு. நிறுத்திரு கிருபை."

அவள் புளிக்குக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"உக்காரும் வாத்தியாரே. தண்ணி குடிக்கீரா?"

"இறங்காது."

"நாக்குல புண்ணு இருக்கா?"

"இல்லை."

"சரி. அது கிடைக்கலை." ஒரு கொட்டையை எறிந்தாள். "சாவி இருக்கட்டும். மொதல்ல அவருகிட்ட மன்னிப்புக் கேளும்."

"கேக்கேன். உங்கிட்டக் கேக்கேன், இப்பவே கேக்கேன்."

"எங்கிட்ட எதுக்கு? வெயில்ல கிடந்தது நானா? அவருகிட்டக் கேளும். ஓடையில போயி நின்னு, ரெண்டு தெருவும் பாக்க, பேரு சொல்லிக் கூப்பிட்டுக் கேளும்."

வாத்தியாரின் முகம் கறுத்தது. "கிருபை, நீ சபையில வளந்தவ. செத்தவன்கிட்டப் பேசக் கூடாதுன்னு உனக்குத் தெரியும். நாப்பது வருஷம் நான் பிரசங்கம் பண்ணது அது ஒண்ணைத்தான்."

"அப்ப சுமந்துக்கிட்டுத் திரியும். எனக்கு ஒரு மணிக்கு வேலை இருக்கு."

அவர் போனார். அன்று ஒரு மணிக்கு நாற்பத்தொன்றாவது கேள்வி விழுந்தது. வெள்ளிக்கிழமை அவர் ஆள் அனுப்பினார், வருகிறேன் என்று.

இரண்டு தெருவும் ஓடைக்கு வந்தது. கோயில் தெரு கிழக்குக் கரையில், சபைத் தெரு மேற்குக் கரையில், நடுவே மணல்மேட்டருகே வேதமாணிக்கம், அவருக்கு எதிரே கை கட்டிக்கொண்டு கிருபைகனி. பகல் பதினொன்றுக்கு வரச் சொல்லியிருந்தாள். செருப்பைக் கழற்றச் சொன்னாள். மணல் கொதித்தது. அவர் கால் மாற்றி மாற்றி நின்றார்.

முதலில் பிதாவே என்று ஆரம்பித்தார்.

"அவரை ஏன் கூப்பிடுதீரு?" என்றாள். "அவரா வெயில்ல கிடந்தாரு?"

பிறகு, பள்ளிக்கூடத்தில் பெயர் கூப்பிடுகிற குரலில், ஆனால் அது உடைந்து, "ஞானையா," என்றார். மேற்குக் கரையில் ஐயர் தலையைக் குனிந்துகொண்டார். "ஞானையா, நான் வேதமாணிக்கம். உனக்கு வாசலைப் பூட்டினது நான்தான். தப்புப் பண்ணிட்டேன்டா. என்னை மன்னிச்சிரு." சொல்லி முடித்ததும், தலைச்சுமையை யாரோ கை கொடுத்து இறக்கிவிட்ட மாதிரி, கழுத்தை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். மாடு, மகன், மார்க், மாமியார், நாற்பத்து மூன்று ஞானையா, எல்லாம் போயிருந்தது. உடைமரத்தில் காக்கா கத்துவது மட்டும் கேட்டது. சந்தியாகப்பர் காதைத் திரும்ப வாங்கிக்கொண்டார் என்று இன்னாசி அறிவித்தார், கிழக்குக் கரையில் சிலர் சிலுவை போட்டுக்கொண்டார்கள்.

அவர் வாங்கிக்கொண்டாலும் ஒரு சின்னத் துண்டை வழியில் விட்டுவிட்டுப் போனார்.

கிருபைகனிக்கு அது காலடியிலிருந்து கேட்டது. மணலுக்குள்ளிருந்து, மோட்டாரைப் பிரித்துப் போட்டுவிட்டு ஸ்பானரைக் கேட்கிற அதே குரலில், அவசரமில்லாமல், ஞானையா பேசினான். "சரி விடு கனி. மன்னிச்சாச்சுன்னு சொல்லு. பாவம், கால் சுட நிக்காரு. என்னைய எடுத்து எங்கம்மா பக்கத்துல போட்டுரு, இங்க வேரு குத்துது." அவ்வளவுதான் சொன்னான். வேறு யாருக்கும் கேட்கவில்லை.

வாத்தியார் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஏதாவது சொன்னானா?" என்றார்.

வயிற்றுக்குள் ஒரு சிரிப்பு மாதிரி எழும்பியது அவளுக்கு. அழுகையாகவும் இருக்கலாம், அவள் பிரித்துப் பார்க்கவில்லை. சூடான மணலில் அவர் விரல்கள் மடங்குவதைப் பார்த்தாள். அன்று பெட்டியிலிருந்து ஒழுகின தண்ணீர் ஞாபகம் வந்தது, நாலு மணி நேரம்.

"இல்லை," என்றாள்.

"ஒண்ணுமேவா?"

"ஒண்ணுமே. பதில் வர்ற வரைக்கும் தினம் வந்து கேளும். பதில் வந்த பொறவு எடுத்து வச்சுக்கிடலாம்."

நியாயம்தான் என்று இரண்டு கரையும் சொல்லிவிட்டு சமையலைப் பார்க்கப் போயிற்று.

இப்போது மூன்று வருஷம். வேதமாணிக்கம் பகல் பதினொன்றுக்கு ஓடைக்கு வருகிறார், செருப்பைக் கழற்றுகிறார், பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கேட்கிறார். காதுதான் சரியாகிவிட்டதே, வீட்டில் இருக்கலாமே என்று லேசாகச் சொல்லலாம். இருக்க முடியவில்லை அவரால். வாத்தியார் பேசுகிறாரே என்று மற்றவர்களும் போகிற வழியில் ஞானையாவிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போகிறார்கள், மோட்டார் ஓடவில்லை என்றால் ஒரு பிடி உப்பு போடுகிறார்கள், ஐயரும் ஒன்றும் சொல்வதில்லை. கரும்பலகையை யாரோ எடுத்துப் போய்க் கோழிக்கூட்டுக்குக் கதவாக வைத்திருக்கிறார்கள்.

கிருபைகனியும் வந்து நிற்கிறாள். ஞானையாவும் தினமும் பேசுகிறான். முதலில் சொல்லிட்டியா கனி என்று கேட்டான், பிறகு ஏன் சொல்லலை என்று கேட்டான். இப்போது வேர் எந்தப் பக்கம் குத்துகிறது என்பதை மட்டும் சொல்கிறான். அவள் தலையை ஆட்டிக்கொள்கிறாள். சாவி அவள் வீட்டு அடுப்படி ஆணியில் தொங்குகிறது.

"வந்துச்சா?" என்கிறார் வாத்தியார்.

"வரலை," என்கிறாள் கிருபைகனி. "நாளைக்கு வாரும்."